சம்பளமற்ற லீவில் கட்டாருக்குப் போகலாமா? கடிதம் கைக்கு வந்த பிறகு போகலாம்

கொழும்பு மாவட்டத்துப் பிரதேச செயலகம் ஒன்றில் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். 2013இல் நியமனம், பன்னிரண்டு வருடச் சேவை. மனைவி மாகாணப் பாடசாலையில் ஆசிரியை, இரண்டு பிள்ளைகள். டோஹாவில் மச்சான் வேலை செய்யும் கம்பனியில் களஞ்சியப் பொறுப்பாளர் வேலை கிடைத்திருக்கிறது, மாதம் 4,000 ரியால். "ராஜினாமா செய்யாமல் நோ பே லீவில் போக முடியுமா? ஓய்வூதியம் போய்விடுமா? அலுவலகத்தில் எடுத்த இடர் கடனில் இன்னும் பாதி நிற்கிறது, அதற்கு என்ன செய்வது? கம்பனிக்காரர் அடுத்த மாதமே வரச் சொல்கிறார். இருக்கிற ஓய்வு லீவைப் போட்டுவிட்டு முதலில் போய் இறங்கி, அங்கிருந்து நோ பே லீவுக்கு எழுதலாமா?"

தம்பி, கடைசிக் கேள்விக்குத்தான் முதலில் பதில். வேண்டாம். எவர் சொன்னாலும் அதை மட்டும் செய்யாதீர்கள். முப்பது வருடத்துக்கு மேல், உத்தியோகத்தர்களின் நியமனமும் லீவும் பார்க்கும் தாபனக் கிளையில் லீவுக் கோவைகளோடு இருந்தவன் நான். வெளிநாடு போய்க் கெட்டுப்போன அரச உத்தியோகத்தர்களை அதிகம் கண்டதில்லை. போன விதத்தால் கெட்டவர்களை நிறையக் கண்டிருக்கிறேன். அவர்களில் பெரும்பாலானவர்கள் நீங்கள் கேட்ட இந்த வழியில் போனவர்கள்தான்.

என்ன நடக்கும் என்று சொல்கிறேன். ஓய்வு லீவு முடிகிற நாளில் நீங்கள் மேசைக்கு வரவில்லை. அங்கிருந்து ஒரு கடிதம் அனுப்புகிறீர்கள். அது பிரதேச செயலாளரின் மேசைக்கு வரும்போது, அவர் கையில் இருப்பது லீவு விண்ணப்பம் அல்ல, அறிவிக்காமல் கடமைக்கு வராத ஒருவருடைய கடிதம். அரச உத்தியோகத்தருக்கான விதிகள் அடங்கிய தாபன விதிக்கோவைப்படி அவர் செய்ய வேண்டியது ஒன்றுதான். பதவியை விட்டு விலகியவராகக் கருதப்படுகிறீர் என்று வீட்டு முகவரிக்குப் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்புவார். அதை மனைவி கையொப்பமிட்டு வாங்குவார். அதன் பிறகு காரணம் காட்டி எழுதலாம், பொதுச் சேவை ஆணைக்குழுவுக்கு மேன்முறையீடு செய்யலாம், அதற்கு மேல் நிர்வாக மேன்முறையீட்டு நியாயசபையும் இருக்கிறது. வழிகள் உண்டு. ஆனால் டோஹாவில் ஒரு களஞ்சியத்தில் நின்றுகொண்டு அந்த வழியில் நடப்பது எவ்வளவு கஷ்டம் என்று நினைத்துப் பாருங்கள். பன்னிரண்டு வருடச் சேவை ஒரு பதிவுத் தபாலில் தொங்கிக்கொண்டிருக்கும்.

இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. அரச உத்தியோகத்தர் எந்த லீவில் இருந்தாலும், நாட்டை விட்டு வெளியே போவதற்குத் தனியாக அனுமதி வேண்டும். அதற்கான விண்ணப்பம்தான் பொது 126 படிவம். இரண்டு வாரம் இந்தியாவுக்குக் கோயிலுக்குப் போனாலும் அதை நிரப்பித்தான் போக வேண்டும். ஆகவே ஓய்வு லீவைப் போட்டுவிட்டுச் சத்தமில்லாமல் விமானம் ஏறினால், லீவு முடியும் முன்பே ஒரு குற்றம் உங்கள் பெயரில் எழுதப்பட்டுவிடும்.

சரி, முறையாகப் போக வழி இருக்கிறதா? இருக்கிறது. தாபன விதிக்கோவையின் 12ஆம் அத்தியாயம் முழுக்க லீவு பற்றியதுதான். சம்பளமற்ற லீவு அதில் பழைய காலம் தொட்டே உண்டு. ஆனால் இன்று எல்லோரும் பேசுவது 2022 ஜூனில் வந்த 14/2022 பொது நிர்வாகச் சுற்றறிக்கையைப் பற்றி. அது வந்த காலத்தை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த ஏப்ரல் 12இல்தான் அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று அறிவித்தது. மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் சில வாரங்களிலேயே 360 ரூபாவுக்குப் போனது. பெற்றோல் வரிசை காலி வீதியில் வெள்ளவத்தையைத் தாண்டி நின்றது. அலுவலகத்துக்கு வர பஸ் இல்லை. வீட்டுத்தோட்டம் செய்யுங்கள் என்று வெள்ளிக்கிழமை லீவும் தந்தார்கள். அந்த நேரத்தில் அரசாங்கத்துக்கு இரண்டு தேவைகள் இருந்தன. சம்பளச் செலவு குறைய வேண்டும், நாட்டுக்குள் டொலர் வர வேண்டும். இரண்டுக்கும் ஒரே மருந்தாக வந்ததுதான் அந்தச் சுற்றறிக்கை.

அது சொன்னது இதுதான்: அரச உத்தியோகத்தர் ஒருவர் உள்நாட்டிலோ வெளிநாட்டிலோ இருக்க, ஐந்து வருடம் வரை சம்பளமற்ற லீவு பெறலாம். அதனால் அவருடைய சேவை மூப்புக்கும் ஓய்வூதியத்துக்கும் பாதிப்பு வராது. வெளிநாட்டில் வேலை செய்பவர் வங்கி வழியாக மாதாமாதம் வெளிநாட்டு நாணயம் அனுப்ப வேண்டும் என்ற நிபந்தனையும் வந்தது. பதவித் தரத்தைப் பொறுத்து அது 100 டொலரிலிருந்து 500 டொலர் வரை.

அரசாங்கச் சுற்றறிக்கை எதுவும் கல்மேல் எழுத்தல்ல. திருத்துவார்கள், இடைநிறுத்துவார்கள், சில பதவிகளுக்குப் பொருந்தாது என்பார்கள். ஆகவே 2022இல் போன நண்பர் சொன்னதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். உங்கள் தாபனக் கிளைக்குப் போய், இன்றைய திகதியில் எந்தச் சுற்றறிக்கையின் எந்தப் பந்தியின் கீழ் விண்ணப்பிக்கலாம் என்று கேட்டு, அதன் பிரதியைக் கையில் வாங்குங்கள். தமிழ்ப் பிரதியும் வாங்குங்கள். கொழும்பு அலுவலகங்களில் கடிதமெல்லாம் சிங்களத்தில்தான் ஓடும், நீங்களும் பழகியிருப்பீர்கள். ஆனாலும் உங்கள் ஐந்து வருடத்தைத் தீர்மானிக்கப்போகும் தாளை உங்கள் மொழியிலும் ஒருமுறை நிதானமாக வாசிப்பது நல்லது. பொது நிர்வாக அமைச்சு சுற்றறிக்கைகளை மூன்று மொழியிலும் வெளியிடுகிறது.

லீவு ஓர் உரிமை அல்ல என்பதையும் மனதில் வையுங்கள். தகுதி இருந்தாலும் திணைக்களத் தலைவர் சிபாரிசு செய்ய வேண்டும். அவர் பார்ப்பது நீங்கள் போனால் உங்கள் வேலையை யார் செய்வது என்பதைத்தான். உங்கள் இடத்துக்குப் புதிதாக ஆள் தர மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். பக்கத்து மேசைக்காரரின் தலையில்தான் அது விழும். எனவே விண்ணப்பத்தோடு வேலைக் கையளிப்பு ஒன்றையும் எழுதிக் கொடுங்கள்: எந்தக் கோவை எந்த நிலையில் இருக்கிறது, எந்தக் கிராம சேவகர் பிரிவின் பயனாளிகள் பட்டியல் யாரிடம் இருக்கிறது, எதற்கு எப்போது அறிக்கை அனுப்ப வேண்டும் என்று. எந்தச் சுற்றறிக்கையும் இதைக் கேட்காது. ஆனால் அப்படி எழுதிக்கொண்டு வந்தவரின் விண்ணப்பத்தைத் தலைவர் மேசையில் கிடப்பில் போட்டதை நான் பார்த்ததில்லை. நீங்கள் விட்டுவிட்டுப் போகும் சக ஊழியர்களுக்குச் செய்ய வேண்டிய மரியாதையும் அதுதான்.

ஓய்வூதியத்துக்கு வருகிறேன். ராஜினாமா என்ற சொல்லை வீட்டில்கூடச் சொல்லாதீர்கள். ராஜினாமா செய்தால் செய்த சேவைக்கான ஓய்வூதிய உரிமை முழுக்கப் போய்விடும். பன்னிரண்டு வருடமும் இல்லை என்றாகிவிடும். முறையான லீவில் போனால் அந்த உரிமை நிற்கும். ஆனால் அதோடு ஒட்டியிருக்கும் இன்னொன்றை எல்லோரும் மறக்கிறார்கள். அதுதான் டபிள்யூ அன்ட் ஓபி என்று நாங்கள் சொல்லும் விதவைகள் அநாதைகள் ஓய்வூதியம். இப்போது அதற்கான பங்களிப்பைச் சம்பளத்திலேயே வெட்டிக்கொள்கிறார்கள், அதனால் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. சம்பளம் இல்லையென்றால் வெட்ட எதுவும் இல்லை. லீவுக் காலத்திலும் அதை நீங்கள்தான் கட்ட வேண்டும். எவ்வளவு, எந்தக் கணக்குக்கு, மாதாமாதமா மொத்தமாகவா என்று கணக்குக் கிளையில் எழுத்தில் வாங்குங்கள். கட்டிய ஒவ்வொரு பற்றுச்சீட்டின் பிரதியும் உங்கள் சுயவிவரக் கோவைக்குப் போக வேண்டும். உங்களுக்கு ஒன்று நடந்துவிட்டால் மனைவியும் பிள்ளைகளும் நம்பியிருப்பது அந்தப் பணத்தைத்தான். பாலைவன நாட்டில் வேலைக்குப் போகிற ஒருவர் அலட்சியமாக விடக்கூடிய விஷயம் அல்ல அது.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. உண்மையில் அதிகம் இழக்கப்போவது அங்கேதான். பல சேவைகளின் ஆட்சேர்ப்புத் திட்டங்களில் தரமுயர்வுக்கு இத்தனை வருடம் 'செயலூக்கமான சேவை' வேண்டும் என்று இருக்கும். அதன் விளக்கத்தை அடிக்குறிப்பு வரை வாசித்தால், சம்பளம் பெற்று உண்மையாகக் கடமை செய்த காலம் மட்டும்தான் சேரும், பிரசவ லீவு தவிர்ந்த சம்பளமற்ற லீவு சேராது என்று எழுதியிருக்கும். சேவை மூப்புக் காக்கப்படுவது வேறு, தரமுயர்வுக்கான வருடங்கள் நிரம்புவது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு போய், திரும்பி வந்து பிரதம லிகிதரான சீசீயின் மேசைக்கு முன்னால் கோபப்பட்டவர்கள் பலர். உங்களுடைய அடுத்த தரத்துக்கு இன்னும் எவ்வளவு காலம் இருக்கிறது? ஈபி எனும் வினைத்திறன் தடைதாண்டல் பரீட்சை பாக்கி இருக்கிறதா? ஒரு வருடத்தில் தரமுயர்வு வருமென்றால், அதை எடுத்துவிட்டுப் போவது ஐந்து வருடக் கணக்கில் உங்களுக்கு இலாபம். பரீட்சை பாக்கி இருந்தால் எழுதிவிட்டுப் போங்கள். டோஹாவிலிருந்து வந்து எழுத விமானக் கட்டணமும் லீவும் யார் தருவார்கள்?

சம்பளக் கணக்கையும் புதிதாகப் போடுங்கள். 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அரச சேவையின் ஆகக்குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. 2025 ஏப்ரலில் ஒரு பகுதி, மீதி 2026, 2027 ஜனவரிகளில் என்று மூன்று கட்டமாகக் கொடுப்பது என்றுதான் முடிவானது. உங்கள் தரத்துக்கும் அதற்கேற்ப உயர்வு உண்டு. ஆகவே 2022இல் போனவர் விட்டுப் போன சம்பளமும் நீங்கள் விடப்போகும் சம்பளமும் ஒன்றல்ல. ரியால் டொலரோடு 3.64 என்று கட்டப்பட்டிருப்பதால் 4,000 ரியால் என்பது 1,100 டொலர் அளவில் வரும். தங்குமிடமும் சாப்பாடும் கம்பனி தருமா, அல்லது அந்த 4,000க்குள்தானா? இந்தக் கேள்விக்கு மச்சானின் பதில் போதாது, ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். டோஹாவில் அறை வாடகையும் சாப்பாடும் உங்கள் பையிலிருந்து என்றால், இலாபத்தில் பாதியை அங்கேயே விட்டுவிட்டு வருவீர்கள். நல்ல வேளையாக, கட்டாருக்குப் போகிறவர்களின் கைரேகை, மருத்துவப் பரிசோதனை, ஒப்பந்தக் கையொப்பம் எல்லாம் கொழும்பிலுள்ள கட்டார் விசா நிலையத்திலேயே நடக்கிறது. 2018இல் அவர்கள் வெளிநாட்டில் திறந்த முதல் நிலையமே கொழும்பில்தான். அங்கே திரையில் காட்டப்படும் ஒப்பந்தத்தின் தொகை உங்களுக்குச் சொல்லப்பட்ட தொகையாக இல்லாவிட்டால், கையொப்பம் வைக்காமல் எழுந்து வாருங்கள்.

இடர் கடனுக்கு வருகிறேன், கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது.

நான் வேலை செய்த அலுவலகம் ஒன்றில் ஒருவர் நீங்கள் கேட்ட மாதிரியே ஓய்வு லீவைப் போட்டுவிட்டு வளைகுடாவுக்குப் போனார். நல்ல மனிதர், கெட்ட எண்ணம் இல்லை. போய் இறங்கிக் கட்டிவிடலாம் என்றுதான் நினைத்திருப்பார். அங்கே சொன்ன சம்பளம் கிடைக்கவில்லை, ஊருக்குப் பேசுவதையே குறைத்துக்கொண்டார். அவருடைய இடர் கடனுக்குப் பிணை நின்றவர்களில் ஒருவர் எங்கள் கிளையிலேயே இருந்த ஒரு பெண். திருமணமாகவில்லை, படுக்கையில் இருந்த தாயோடு வாடகை வீட்டில் இருந்தார். சில மாதம் கழித்து ஒரு சம்பள நாளில் அவர் சம்பளச் சீட்டை என் மேசையில் கொண்டுவந்து வைத்தார். ஒரு வரியின் கீழ் சிவப்புப் பேனையால் இரண்டு கோடு போட்டிருந்தார். பிணைக்கடன் அறவீடு. ஒன்றும் பேசவில்லை. "இது எத்தனை மாதம் சேர்?" என்று மட்டும் கேட்டார். கோவையைப் பார்த்து எண்ணிச் சொன்னேன். தலையாட்டிவிட்டுத் தன் மேசைக்குப் போய்த் தட்டச்சைத் தொடர்ந்தார். அவர் ஓய்வு பெறும்வரை வேறு எவருக்கும் பிணை நிற்கவில்லை.

உங்கள் கடன் பத்திரத்தை எடுத்து, பிணை நின்றவர்கள் யார் என்று முதலில் பாருங்கள். எழுதிக் கொடுத்த நாளில் தேநீர் நேரத்தில் கையொப்பம் வாங்கியிருப்பீர்கள், இப்போது ஞாபகமே இல்லாமல் இருக்கலாம். முடிந்தால் கடனை முழுக்கக் கட்டிவிட்டுப் போங்கள். மனைவியின் நகையை அடகு வைத்தாவது கட்டலாம், முதல் ஆறு மாதத்தில் மீட்டுவிடலாம் என்பது என் கருத்து. முடியாவிட்டால், லீவுக் காலத்தில் தவணையை எப்படிக் கட்டுவது என்று கணக்குக் கிளையோடு எழுத்தில் ஒப்புக்கொள்ளுங்கள். பிணை நின்றவர்களிடம் நேரில் போய் நான் இப்படிப் போகிறேன், தவணை இந்தக் கணக்கிலிருந்து போகும் என்று சொல்லுங்கள். அவர்கள் வேறொருவர் வாயால் கேட்கக் கூடாது. சொத்துக் கடன் ஏதாவது இருந்தால் அதற்கும் இதேதான். அரச உத்தியோகத்தருக்கான மருத்துவக் காப்புறுதியான அக்ரஹாரவும் சம்பளத்திலிருந்து போவதுதான். அதைத் தொடர முடியுமா என்று அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள், இரண்டு சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பணம் அனுப்புவதைப் பற்றியும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். டோஹாவில் வெள்ளிக்கிழமை மச்சானின் அறையில் யாராவது உண்டியல் பற்றி, அதாவது வங்கி இல்லாமல் ஆள் மூலம் காசு அனுப்புவது பற்றிப் பேசுவார்கள். வங்கியைவிடக் கூட ரேட், ஒரு மணி நேரத்தில் வெள்ளவத்தை வீட்டு வாசலில் காசு என்பார்கள். 2021, 2022இல் அந்த வித்தியாசம் பெரிதாக இருந்ததால் நாட்டுக்கு வந்த பணமே வற்றியது. 2020இல் 7.1 பில்லியன் டொலராக இருந்த வெளிநாட்டு ஊழியர்களின் பணம் 2022இல் 3.8 பில்லியனுக்கு இறங்கியது. அந்த 2022இல்தான் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து 3 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வேலைக்குப் போனார்கள். ஆள் கூடப் போகப் போகக் காசு குறைய வந்தது, பெரும்பகுதி உண்டியலில் போனது. நாட்டுக்கு என்ன நட்டம் என்பதை விடுங்கள். லீவில் போகிற உங்களுக்கு உண்டியல் தரும் நட்டம் வேறு: அதற்குச் சீட்டு இல்லை. பணம் அனுப்பும் நிபந்தனையை நிறைவேற்றினேன் என்று காட்ட உங்களிடம் எதுவும் இருக்காது.

எனக்கு ஞாபகமுள்ள ஒருவர் லீவு முடிந்து வந்த அன்று ஒரு பழுப்புக் கடித உறையோடு வந்தார். உள்ளே வங்கிச் சீட்டுகள், வருடத்துக்கு ஒரு கட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு றப்பர் வளையம். டபிள்யூ அன்ட் ஓபி பற்றுச்சீட்டுகள் தனி. நான் கோவையைத் திறந்து ஒப்பிட்டு முடிக்க அரை மணி நேரம் ஆகவில்லை. அன்று பின்னேரமே அவர் தன் பழைய மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவதை விடாதீர்கள். அரச உத்தியோகத்தர் என்பதால் உங்களுக்குத் தேவையில்லை என்று சிலர் சொல்வார்கள், தவறு. வேலைக்குப் போகிறவர் போகும் முன் பதிய வேண்டும். பத்தரமுல்லையில் தலைமை அலுவலகம், தகவல் கேட்க 1989 என்ற இலக்கம். முகவர் யாராவது இடையில் இருந்தால் அவருடைய அனுமதிப்பத்திரம் இப்போதும் செல்லுபடியா என்று அங்கேயே பாருங்கள். விசிட் விசாவில் வந்து மாற்றிக்கொள்ளலாம் என்று எவர் சொன்னாலும் வேண்டாம். பட்டச் சான்றிதழ், சேவைச் சான்றிதழ் எல்லாவற்றையும் வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்த ஒரு நாளாவது ஒதுக்குங்கள்.

மனைவியும் லீவு எடுத்துப் பிறகு வரலாம் என்ற எண்ணம் இருந்தால், அவர் மாகாணப் பொதுச் சேவையில் இருப்பதை மறக்காதீர்கள். உங்கள் லீவு மத்திய அரசின் வழியில் போகும், அவருடையது வலயக் கல்வி அலுவலகம், மாகாணக் கல்வித் திணைக்களம் என்று வேறு பாதையில் போகும். உங்களுக்குக் கிடைத்தது அவருக்கும் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டு வீட்டை விட்டுக்கொடுத்துவிடாதீர்கள். அவர் இங்கேயே இருப்பதானால் உங்களுக்குப் பதிலாக அவர் கையொப்பமிட அதிகாரம் தரும் ஓர் அற்றோர்னித் தத்துவம் எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் வங்கியிலும் காணிக் கந்தோரிலும் பாடசாலை அனுமதியிலும் உங்கள் கையொப்பத்துக்காக அவர் அலைய வேண்டிவரும்.

கம்பனிக்காரர் அடுத்த மாதம் என்கிறார் என்றீர்கள். உங்கள் விண்ணப்பம் பிரதேச செயலகத்திலிருந்து மாவட்டச் செயலகம் போய், அமைச்சுக்குப் போய், திரும்பி வர வேண்டும். ஒரு மாதத்தில் முடிந்தால் அதிர்ஷ்டம். கம்பனிக்கு இன்றே எழுதுங்கள்: நான் அரச உத்தியோகத்தர், விடுவிப்புக் கடிதம் கிடைக்க இவ்வளவு காலம் வேண்டும், மூன்று மாதம் தாருங்கள் என்று. உண்மையாகவே ஆள் தேவைப்படும் கம்பனி காத்திருக்கும். அதற்குள் நீங்கள் கோவையை மேசைக்கு மேசை பின்தொடருங்கள். எந்த இலக்கத்தில் எந்தத் திகதி போனது என்று ஒரு கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் கேட்டால் "போய்விட்டது" என்பார்கள், நேரில் போனால்தான் அது பக்கத்து அறையில் இருப்பது தெரியும்.

கட்டாரில் முதல் ஆறு மாதம் வரை தகுதிகாண் காலம் வைக்கலாம். சரிவராமல் திரும்ப நேர்ந்தால் வெட்கப்பட்டு அங்கேயே வேறு வேலை தேடி அலையாதீர்கள். மீதி லீவை ரத்துச் செய்து கடமைக்குத் திரும்புகிறேன் என்று திணைக்களத் தலைவருக்கு எழுதுங்கள். எல்லாம் நல்லபடி நடந்தாலும், லீவு முடியும் நாளை இன்றே கலண்டரில் குறியுங்கள். நீடிக்க வேண்டுமென்றால் அதற்கான விண்ணப்பம் மூன்று மாதம் முன்பே இங்கே வந்திருக்க வேண்டும். முடிந்த மறுநாள் காலை எட்டரைக்கு வரவுப் பதிவில் உங்கள் விரல் பட வேண்டும்.

திங்கட்கிழமை முதல் வேலையாகச் சீசீயிடம் கேட்டு உங்கள் சுயவிவரக் கோவையைப் பாருங்கள். நியமனக் கடிதம், பதவி உறுதிப்படுத்தல் கடிதம், டபிள்யூ அன்ட் ஓபி இலக்கம், கடன் பத்திரம் நான்கும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். பன்னிரண்டு வருடத்தில் ஏதாவது ஒன்று காணாமல் போயிருக்கும். எது இல்லை என்று எழுதுங்கள், அதை எப்படி எடுப்பது என்று சொல்கிறேன்.